பிராக் நகரத்து யூதர் தெருக்கள்

சென்ற ஆண்டின் இறுதியில், பள்ளி விடுமுறையின்போது, ஆசிரியர்கள் எழுவர் ஐரோப்பாவுக்குச் சென்று வந்தோம். மாதந்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. அந்தப் பயணத்தில் செக் நாட்டின் தலைநகரமான பிராக் நகரில் ஒரு முற்பகல் முழுவதும் கால்நடையாகச் சுற்றினோம். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

எங்களுக்கு வழிகாட்டியவர் வயதான ஓர் அம்மையார். கையில் ஒரு சிறு குடை. மழை இல்லை, கூட்டத்தில் நாங்கள் தவறிவிடாமல் இருக்க அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பார்க்கப் போன இடத்துக்கு யோசேபோவ் என்று பெயர். பல நூறு ஆண்டுகள் யூதர்கள் வாழ்ந்த வட்டாரம். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும்.

யூதர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஒரே கடவுளை வணங்குபவர்கள்; கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் நூல்களே அவர்களுடைய வேதம். சனிக்கிழமை ஓய்வு நாள். வேத மொழி எபிரேயம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல நாடுகளுக்குப் பரவிச் சென்றவர்கள். போன இடங்களில் நிலம் வாங்க உரிமை இல்லை, பல தொழில்களில் இடமில்லை, ஊரின் ஒரு மூலையில் ஒதுங்கித்தான் குடியிருக்க வேண்டும் என்ற நிலையே பெரும்பாலும் இருந்தது. பிராக்கிலும் அப்படித்தான். அந்த மூலைக்கு மதிலும் வாயிற்கதவுகளும் உண்டு. 1700ஆம் ஆண்டளவில் 11,000 பேருக்கு மேல் அந்தச் சிறிய இடத்தில் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

முதலில் நாங்கள் நுழைந்த கட்டடத்தின் பெயர் எங்களைச் சிரிக்க வைத்தது. 'பழைய புதுச் செபக்கூடம்' என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1270ஆம் ஆண்டில் கட்டியபோது அது புதியது. பிறகு அதைவிடப் புதியவை எழுந்தன. பெயரிலிருந்து 'புது' என்பதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை; முன்னால் 'பழைய' என்று சேர்த்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டு ஆன பிறகும் 'புது லயம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு இது விளங்காதா என்ன? ஐரோப்பாவில் இன்றும் வழிபாடு நடக்கும் யூதச் செபக்கூடங்களில் மிகப் பழையது இதுவே.

ஆண்கள் தலையை மூடிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தொப்பி இல்லாத எங்களுக்குச் சிறிய குல்லாய் கொடுத்தார்கள். தெரு மட்டத்திலிருந்து படியிறங்கிச் செல்கிறோம். இரண்டு பெரிய தூண்கள் கல் விதானத்தைத் தாங்கி நிற்கின்றன. பெண்கள் வெளிப்பக்கத்து அறைகளில் இருந்தபடி, சுவரில் விட்டிருக்கும் குறுகலான இடைவெளி வழியாக வழிபாட்டைக் கேட்பார்கள். எங்களுடன் வந்த ஆசிரியைகளுக்கு இது பிடிக்கவில்லை. வழிகாட்டி அம்மையாரிடமே சொன்னார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மேலே நடந்தார்.

1389ஆம் ஆண்டு, ஈஸ்டர் திருநாள் சமயத்தில், ஒரு கூட்டம் இந்த வட்டாரத்துக்குள் புகுந்து யூதர்களை வெட்டிக் கொன்றது. வீடுகளுக்குத் தீ வைத்தது. தந்தையை அதில் பறிகொடுத்த அவிக்தோர் காரா என்பவர் பின்னாளில் அந்தக் கொடுமையைப் பற்றி எபிரேய மொழியில் ஒரு புலம்பற்பாட்டு எழுதினார். இவருடைய பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் இவரை மறுபடியும் சந்திப்போம்.

பக்கத்திலேயே யூதர்களின் நகர்மன்றம் இருக்கிறது. அதில் இரண்டு கடிகாரங்கள். மேலே கோபுரத்தில் இருப்பது நாம் பார்த்துப் பழகிய கடிகாரம். கீழே இருப்பதில் எண்களுக்குப் பதில் எபிரேய எழுத்துகள். முட்களோ பின்னோக்கிச் சுற்றுகின்றன! எபிரேயம் ஜாவி எழுத்தைப் போல வலமிருந்து இடமாக எழுதப்படுவது. எனவே கடிகாரமும் அந்தத் திசையில் ஓடுகிறது. பழுதான கடிகாரம் என்று எங்களில் ஒருவர் நினைத்துவிட்டார். யார் என்று சொல்ல மாட்டோம்.

இந்த வட்டாரத்தின் பெயருக்குள் ஒரு கதை இருக்கிறது. பேரரசி மரியா தெரேசா 1744ஆம் ஆண்டின் இறுதியில், யூதர்கள் அனைவரும் பிராக்கை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். கடும் குளிர் காலம். மூட்டை முடிச்சுகளோடு போனார்கள். 1748இல்தான் திரும்ப முடிந்தது. அவருடைய மகன் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1781இல் யூதர்கள்மேல் இருந்த தடைகள் பலவற்றைத் தளர்த்தினார். பள்ளிகளும் தொழில்களும் அவர்களுக்குத் திறந்தன. அந்த நன்றிக்காகவே 1850இல் இந்த இடத்துக்கு யோசேபோவ் என்று பெயர் வைத்தார்கள். அதே யோசேப்பு, பிராக்குக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் ஒரு கோட்டை நகரைக் கட்டி, தாயாரின் நினைவாகத் தெரேசின் என்று பெயரிட்டார். அந்தப் பெயரையும் மறந்துவிடாதீர்கள்.

1893இல் வந்த ஒரு சட்டத்தின்படி பழைய வீடுகளை எல்லாம் இடித்துத் தள்ளினார்கள். சுகாதாரக் கேடு என்பது காரணம். அதில் உண்மையும் உண்டு; வசதி வந்தவர்கள் வெளியேறிவிட, பரம ஏழைகளே அங்கே எஞ்சியிருந்தார்கள். இன்று அகலமான தெருவும் விலை உயர்ந்த கடைகளும்தான் கண்ணில் படுகின்றன. ஆறு செபக்கூடங்களும் நகர்மன்றமும் பழைய இடுகாடும் மட்டுமே தப்பின. 1906இல் தொடங்கிய யூத அருங்காட்சியகம், இடிபட்ட செபக்கூடங்களின் பொருள்களைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்ததுதான்.

அடுத்து பிங்காஸ் செபக்கூடம். 1535இல் கட்டியது. உள்ளே படமில்லை, சிலையில்லை. தரையிலிருந்து மேலே வரை சுவர் முழுவதும் எழுத்து. கிட்டே போனால்தான் தெரிகிறது, அத்தனையும் பெயர்கள். குடும்பப் பெயர் சிவப்பு மையில். அதன் பின்னே அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயர்கள், பிறந்த நாள், கடைசியாகத் தெரிந்த நாள். ஊர் வாரியாக எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 78,000 பெயர்கள்.

யார் இவர்கள்? 1939 மார்ச் மாதத்தில் இட்லரின் ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. யூதர்களின் வேலையும் சொத்தும் பறிபோயின. 1941 செப்டம்பர் முதல் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை. அக்டோபரில் ரயில்கள் புறப்படத் தொடங்கின. ஒருவருக்கு ஐம்பது கிலோ சாமான், கழுத்தில் ஓர் எண். பெரட்டுக் களத்தில் கிராணி பெயரைக் கூப்பிட்டால் நாம் மறுமொழி சொல்வோம். அங்கே கூப்பிட்டதே எண்ணைத்தான். பெரும்பாலோர் முதலில் தெரேசின் கோட்டை நகருக்குப் போனார்கள். அங்கே பசியிலும் நோயிலும் ஏறத்தாழ 33,000 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் மிகப் பலரை ஆஷ்விட்ஸ் முதலிய கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

1954 தொடங்கி ஓவியர்கள் இருவர் ஆண்டுக் கணக்கில் நின்று இந்தப் பெயர்களைக் கையால் எழுதினார்கள். 1968இல், நிலத்தடி நீர் சுவரில் ஏறுகிறது என்று கட்டடத்தை மூடினார்கள். எழுத்துகள் அழிந்தே போயின. 1992 முதல் 1996 வரை மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினார்கள். 2002இல் ஆற்று வெள்ளம் புகுந்து கீழ்ப்பகுதியைக் கெடுத்தது. அதையும் திருத்தி எழுதினார்கள்.

எங்கள் பாட்டனாரின் தம்பி ஒருவர் அதே போர்க்காலத்தில், 1943இல், சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டார். திரும்பி வரவில்லை. அவருடைய பெயரை எழுதிய சுவர் எங்கும் கிடையாது. வீட்டில் அத்தைமார் சொல்லக் கேட்டதுதான். அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது அவர் நினைவுதான் வந்தது. உடன் வந்தவர்களில் இன்னொருவரும் மெல்லச் சொன்னார், தம் வீட்டிலும் ஒருவர் போனார் என்று.

மாடியில் சிறுவர் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஆசிரியர்களாகிய நாங்கள் அதிக நேரம் நின்ற இடம் அது. ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற பெண்மணி 1898இல் வியன்னாவில் பிறந்தவர். பேர்பெற்ற கலைப்பள்ளியில் பயின்றவர். அவரையும் 1942 டிசம்பரில் தெரேசினுக்கு அனுப்பினார்கள். தம் சாமானில் முடிந்த அளவு ஓவியப் பொருள்களையும் கொண்டுபோனார். முகாமில் பாடம் நடத்தத் தடை. ஆனால் படம் வரைவதைக் கண்டுகொள்ளவில்லை. அதைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மையார். பழைய அலுவலகத் தாளின் பின்புறம், பொட்டலக் காகிதம், எது கிடைத்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வீட்டை நினைக்கச் சொல்வார். படத்தில் தம் பெயரைத் தாமே எழுதச் சொல்வார்.

பிள்ளைகள் என்ன வரைந்தார்கள்? வீடு, பூ, வண்ணத்துப்பூச்சி, சாப்பாட்டு மேசை. சில தாள்களில் மூன்றடுக்குக் கட்டில்கள், உணவுக்கு நிற்கும் வரிசை. ஒரு வீட்டின் கதவை மட்டும் பெரிதாக வரைந்திருந்தது ஒரு பிள்ளை. அந்தத் தாளைப் பார்த்தபின் எங்களில் யாரும் சற்று நேரம் பேசவில்லை.

1944 அக்டோபரில் அந்த ஆசிரியையை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போகுமுன் ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைக்கப்பட்டன. போர் முடிந்த பிறகு அவை பிராக்குக்கு வந்து சேர்ந்தன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வரவில்லை. படத்தின் கீழே பெயர் இருந்ததால், எந்தப் பிள்ளை, எந்த ஊர், எப்போது பிறந்தது என்று தேடிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து வெளியே வந்தால் பழைய இடுகாடு. இலையுதிர்ந்த மரங்களின் கீழே ஏறத்தாழ 12,000 கற்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. புதைத்த இடத்தைத் தோண்டிக் கலைக்கக் கூடாது என்பது யூத மத விதி. பக்கத்து நிலமோ கிடைக்காது. என்ன செய்வது? மண்ணைக் கொண்டுவந்து மேலே கொட்டி, அதில் புதைத்தார்கள். பழைய கல்லைத் தூக்கி மேல்மட்டத்தில் நட்டார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை இருக்கிறதாம். அதனால்தான் கற்களுக்கு இத்தனை நெருக்கம்.

எழுத்து தெரியாதவரும் சில கற்களைப் படிக்கலாம். ஆசி கூறும் இரு கைகள் இருந்தால் குரு மரபினர். நீர்க்குடம் இருந்தால் லேவி குலத்தார். கத்தரிக்கோல் தையற்காரருக்கு. இங்கே மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டுக்குரியது. யாருடையது தெரியுமா? புலம்பற்பாட்டு எழுதினாரே, அந்த அவிக்தோர் காராவுடையது! அதிகக் கூட்டம் இருப்பது 1609இல் மறைந்த ரபி லோவ் என்ற அறிஞரின் கல்லறையில். களிமண்ணால் ஓர் ஆளைச் செய்து உயிர் கொடுத்து, தம் மக்களுக்குக் காவல் வைத்தார் என்று அவரைப் பற்றிக் கதை சொல்வார்கள். அது அவர் காலத்துக்கு வெகு பின்னால் புனைந்த கதை. என்றாலும் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதைதான்.

கல்லறைமீது பூ வைப்பது யூதர் வழக்கமில்லை, கூழாங்கல் வைப்பார்கள். வழிகாட்டி அம்மையார் கோட்டுப் பையிலிருந்து சில கற்களை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பெரும்பாலோர் ரபி லோவின் கல்லறைக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேர் திரும்பி நடந்து, பெயர் தேய்ந்துபோன ஒரு சிறு கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தோம். அதற்குள் குடை வாசலில் உயர்ந்துவிட்டது.