காதில் விழும் பிரெஞ்சு: அன்றும் இன்றும்

இன்று சென்னையில் பிரெஞ்சு கற்கக் கிளம்புகிறவருக்கு முதல் தலைவலி இலக்கணமோ உச்சரிப்போ அல்ல. எதை வைத்துக் கற்பது என்பதுதான். டுவோலிங்கோ, பாபல், ரொசெட்டா ஸ்டோன், பிம்ஸ்லர், அசிமில், யூடியூப் ஆசிரியர்கள், பாட்காஸ்ட்கள், போதாக்குறைக்குப் பேச்சுத் துணைக்குச் செயற்கை நுண்ணறிவு. ஒன்றை இறக்கிச் சில நாள் பார்ப்பார்கள். அதைவிட இது நல்லது என்று யாராவது சொன்னால் அதற்குத் தாவுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாச் செயலியிலும் முதல் பத்துப் பாடம் தெரியும். பதினோராவது பாடம் எதிலும் தெரியாது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. கைக்கு எது கிடைத்ததோ அதுதான் பாடம்.

அன்று பிரெஞ்சு என்றால் வகுப்புதான். புதுச்சேரியில் 1889-லேயே தொடங்கிவிட்ட அலியான்ஸ் பிரான்சேஸ், சென்னையில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை அலியான்ஸ், இவற்றை விட்டால் சில கல்லூரிகள். காஸ்தோன் மோஜே எழுதி 1953-இல் முதல் பாகம் வெளிவந்த நீல அட்டைப் பாடநூல் உலகெங்கும் அலியான்ஸ் வகுப்புகளில் கோலோச்சியது. இலக்கணம் திட்டமாக இருந்த நூல் அது. அதைப் படித்தவர்கள் வினைச்சொல் அட்டவணையை இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

அதே காலத்தில், பாரிசை ஒட்டிய சேன்-க்ளூ நகரத்தில் இயங்கிய கிரெடிஃப் என்ற மையத்தில் வேறொரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. ஜோர்ஜ் குகனைம் என்ற மொழியியலாளரின் குழு பிரெஞ்சுக்காரர்களின் சாதாரணப் பேச்சை நாடாவில் பதிவு செய்து, எந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணி, முதலில் கற்க வேண்டிய சுமார் 1,500 சொற்களை வடிகட்டியது. அந்த அடிப்படையில் 1960-களின் தொடக்கத்தில் டேப் ரெக்கார்டரும் படச்சுருளும் கொண்ட பாடத்திட்டம் வந்தது. திரையில் ஒரு படம் விழும். நாடா ஒரு வாக்கியம் பேசும். மாணவர்கள் திருப்பிச் சொல்வார்கள். தொடக்க வாரங்களில் யார் கையிலும் புத்தகம் இருக்காது. எழுத்தைப் பார்த்த உடனே நாக்கு தன் தாய்மொழிப் பழக்கத்துக்கு ஓடிவிடும் என்பதால் எழுத்தை வேண்டுமென்றே ஒளித்து வைத்தார்கள். அவர்களுக்குப் புரிந்திருந்த இந்த ஒரு விஷயத்தை நாம் இன்று தொலைத்துவிட்டோம் என்பது என் எண்ணம்.

வீட்டிலிருந்தே கற்க விரும்பியவர்களுக்கு லிங்குவாஃபோன் இருந்தது. ஜாக் ரோஸ்டன் 1901-இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. மெழுகு உருளையில் தொடங்கி இசைத்தட்டு, கேசட் என்று மாறிக்கொண்டே வந்தது. பிரான்சிலிருந்து அல்போன்ஸ் ஷெரேல் 1929-இல் தொடங்கிய அசிமில் வந்தது. அதன் முறை எளியது. முதல் ஐம்பது பாடங்களைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். ஐம்பதாவது பாடத்தை எட்டியதும், அன்றாடப் பாடத்தோடு சேர்த்து முதல் பாடத்துக்குத் திரும்பி, இந்த முறை நாமே பிரெஞ்சில் சொல்லிப் பார்க்க வேண்டும். குழந்தை நெடுநாள் கேட்டுவிட்டுத்தானே பேசத் தொடங்குகிறது!

அமெரிக்கப் பேராசிரியர் பால் பிம்ஸ்லர் புத்தகத்தையே கைவிட்டார். அரை மணி நேர ஒலிப்பாடம், அவ்வளவுதான். ஒரு சொல்லைக் கற்ற 5 விநாடியில் அதை நம் வாயிலிருந்து வரவழைப்பார். பிறகு 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், ஒரு மணி நேரம், 5 மணி நேரம், ஒரு நாள், 5 நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவார். மறக்கப் போகும் தறுவாயில் நினைவூட்டினால் சொல் மனதில் ஊன்றிவிடும் என்பதை 1967-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். இன்று அங்கி போன்ற செயலிகள் கணினிக் கணக்குப் போட்டுச் செய்வதும் அடிப்படையில் இதுவேதான்.

இந்தப் பாடப் பெட்டிகள் நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தால் உண்டு. இல்லாவிட்டால் தெரிந்தவர் கேசட்டை வாங்கி இன்னொரு கேசட்டில் பதிந்துகொள்வதுதான் வழி. பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது முதலில் மங்குவது உச்சத்தில் ஒலிக்கும் மெய்கள். ‘ஸ’வும் ‘ஃப’வும் ஒரே இரைச்சலாகிவிடும். அப்படிப்பட்ட நாடாவில் பிரெஞ்சு கேட்டவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே நாடா என்பதால் அதையே நூறு முறை கேட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் அமைந்த அந்தக் கட்டுப்பாடு எத்தனை பேரைப் பேச வைத்தது!

இடையில் சிடி காலம் ஒன்று வந்து போனது. சென்னை ரிச்சி தெருவில் கணினியோடு சிடியும் வாங்கினோம். 1992-இல் பிறந்த ரொசெட்டா ஸ்டோன் படத்தைக் காட்டிச் சொல்லைக் கேட்டது. பிரெஞ்சு நிறுவனமான ஆரலாக்கின் ‘டெல் மீ மோர்’, மைக்கில் நாம் சொன்னதைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து பிரெஞ்சுக்காரரின் கோட்டுக்குக் கீழே வைத்துக் காட்டியது. இரண்டு கோடும் ஒன்றுபோல வரும்வரை விடாமல் பேசிப் பார்த்தவர்கள் உண்டு. அதைவிட நேர்மையான கருவி இன்றைய செல்போனில்கூட அரிது.

இன்றைக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ஓடும் மின்ரயிலில் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரு கையால் டுவோலிங்கோ விளையாடும் இளைஞர் ஒருவராவது கண்ணில் படுவார். பச்சை ஆந்தை துள்ளுகிறது. சொற்களைத் தட்டி வரிசைப்படுத்துகிறார். சரி என்று பச்சைப் பட்டை விழுகிறது. காதில் ஹெட்போன் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று ஒலியை அணைத்துவிட்டார். அவர் பிரெஞ்சைப் பார்க்கிறார்; கேட்கவில்லை.

இதில் அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2012-இல் பொதுமக்களுக்குத் திறந்த நாள் முதல் இலவசமாகக் கிடைக்கும் அந்தச் செயலி, பிரெஞ்சு வகுப்பின் வாசலையே மிதிக்க முடியாதவர்களுக்கும் மொழியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. தினமும் தொடும் பழக்கத்தை உண்டாக்குவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் நான்கு சொற்களில் சரியானதைத் தட்டுவது வேறு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வாயால் பிறப்பிப்பது வேறு. “சார், ஒரு வருஷமா விடாம பண்றேன், பேசினா மட்டும் வரமாட்டேங்குது” என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “தம்பி, சத்தத்தை ஆன் பண்ணித்தானே பண்றீங்க?” என்பதுதான். பெரும்பாலும் பதில் சிரிப்புதான்.

பிரெஞ்சு மாதிரியான மொழியில் இது சின்ன விஷயம் அல்ல. எழுதுவதில் பாதி ஒலிக்காது. தனியாக ஒலிக்காத கடைசி எழுத்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் திடீரென்று உயிர்பெற்று ஒட்டிக்கொள்ளும். கண்ணால் மட்டும் கற்றவருக்கு, நன்றாகத் தெரிந்த சொல்கூடப் பேச்சில் வரும்போது முன்பின் பார்த்திராததாக இருக்கும்.

தமிழரான நமக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. மேலே சொன்ன பாடங்களை நாம் ஆங்கிலம் பேசுகிறவருக்கென்று தயாரித்த பதிப்புகளில்தான் படிக்கிறோம். எங்கே நிதானிக்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பது அவர்களின் நாக்கை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. மரியாதைப் பன்மையை விளக்க ஒரு பாடமே செலவாகும். நீ, நீங்க என்று தொட்டிலிலிருந்து பழகியவருக்கு அது ஒரு நிமிட வேலை. பிரெஞ்சின் ‘த’ பல்லைத் தொடும், மூச்சைத் தள்ளாது. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பயில வேண்டிய அந்த ஒலி நம் ‘தம்பி’யின் முதல் எழுத்தில் இருக்கிறது. சொல்லோடு சொல் ஒட்டுவது புணர்ச்சி படித்தவருக்குப் புதிதல்ல.

எல்லோரும் பயப்படும் மூக்கொலி உயிர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் ‘மரம்’ என்று சொல்லும்போது கடைசியில் நம் உதடு மூடுவதில்லை. உயிரெழுத்து மூக்கோடு சேர்ந்து ஒலித்து அப்படியே நின்றுவிடுகிறது. ‘நான் வந்தேன்’ என்பதன் முடிவும் அப்படித்தான், நாக்கு மேலே போய் ஒட்டுவதில்லை. ‘நல்ல’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை ‘போன்’ என்று எழுதிவைத்துப் படித்தால் தவறாகத்தான் வரும். ‘மரம்’ என்று பேச்சில் முடிக்கும் விதத்தில் முடித்துப் பாருங்கள், பாரிசுக்காரரே தலையாட்டுவார். இதை எந்தச் செயலியும் நமக்குச் சொல்வதில்லை.

மாறாக, நமக்குக் கடினமான இடங்களில் அவை ஓடிவிடுகின்றன. சொல்லின் நடுவில் வரும் வல்லினத்தை நம் நாக்கு தன்னிச்சையாக மென்மையாக்கிவிடும். ‘p’ ஒலியும் ‘b’ ஒலியும் பொருளையே மாற்றும் மொழியில் அது பெரிய இடைஞ்சல். நாற்காலியும் மேசையும் பெண்பால் என்பதை அஃறிணைக்கு ஆண், பெண் பாராத நம் மனம் ஏற்க நாளாகும். ‘ஈ’க்கு நாக்கை வைத்துக்கொண்டு ‘ஊ’வுக்கு உதட்டைக் குவித்தால் வருகிற அந்த உயிரொலி நம்மிடம் இல்லவே இல்லை. அது பிசகினால் ‘நீ’ என்பது ‘எல்லாம்’ ஆகிவிடும். பேச்சை உணரும் மென்பொருள்களும் இங்கே கைகொடுப்பதில்லை. நாம் சொல்ல வந்தது என்ன என்பதை ஊகித்து எழுதிக்கொள்ளும்படி அவை பழக்கப்பட்டவை. பிசகாகச் சொன்னாலும் சரி என்று விட்டுவிடும். நம் குரலை நாமே பதிவு செய்து, மூலத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பதுதான் இன்னும் உறுதியான வழி. செல்போனில் அதற்குத் தனிச் செயலிகூட வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என் பதில், காதை முன்வைக்கும் பாடம் ஒன்றை முதுகெலும்பாகக் கொள்ளுங்கள் என்பதே. வாய் திறக்கக் கூச்சப்படுகிறவருக்கு பிம்ஸ்லர். படித்துப் புரிந்துகொண்டே கேட்க விரும்புகிறவருக்கு அசிமில். வாக்கியத்தைக் கட்டும் விதம் பிடிபடவில்லை என்பவருக்கு மிஷேல் தாமஸ். 1914-இல் போலந்தில் பிறந்து, ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குப் பாடம் எடுத்த அவர், இரண்டு மாணவர்களை உட்காரவைத்து நடத்திய வகுப்பின் பதிவு அது. எழுதாதே, மனப்பாடம் செய்யாதே என்பதுதான் அவருடைய முதல் கட்டளை. பணமே செலவழிக்க முடியாதென்றால் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்காகத் தயாரித்த பழைய பிரெஞ்சுப் பாடம் முழுவதும் இணையத்தில் இலவசம். ஒலி கொஞ்சம் கரகரக்கும், பயிற்சிகள் சலிப்பூட்டும். ஆனால் நாக்கைத் திருப்புவதில் அதற்குப் போட்டி குறைவு. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கடைசிவரை முடிப்பவர், ஐந்தைத் தொட்டுப் பார்த்தவரைவிட வெகுதூரம் போவார்.

அடித்தளம் விழுந்த பிறகு இன்றைய தலைமுறையின் வாய்ப்பு அன்றைய தலைமுறை கனவிலும் காணாதது. ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் தரும் பத்து நிமிடச் செய்தி, எழுத்துவடிவத்தோடு தினமும் வருகிறது. டி.வி.5 மோந்த் காணொளிப் பயிற்சிகளை நிலைவாரியாகப் பிரித்து இலவசமாகவே தருகிறது. வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம்.

ஏன் கற்கிறோம் என்பதும் மாறிவிட்டது. அன்று பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவும் இலக்கிய ஆசையிலும் கற்றார்கள். இன்று வகுப்புகளை நிரப்புவது கனடா. குடியேற்றத் தேர்வில் பிரெஞ்சுக்கென்று 50 வரை கூடுதல் புள்ளி உண்டு. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்றே நடக்கிறது. ஆனால் அந்தச் சுற்றுக்குத் தகுதி பெற, கேட்டல், பேசல், படித்தல், எழுதல் நான்கிலும் கனடா அளவுகோலில் ஏழாம் நிலையை எட்ட வேண்டும். அதற்காக எழுதும் டி.சி.எஃப். தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். ஒலியை அணைத்துவிட்டுச் சேர்த்த புள்ளிகள் அந்த அறையில் உதவாது.

நான் இதுவரை சொன்னதெல்லாம் அப்படியே தலைகீழாகும் ஓர் இடம் உண்டு. பாரிசில் லா ஷப்பெல் பகுதிக் கடைகளிலும் உணவகங்களின் சமையற்கட்டுகளிலும் வேலை செய்யும் ஈழத்தமிழர்களுக்குக் காது எப்போதோ திறந்துவிட்டது. பல ஆண்டுகளாக பிரெஞ்சைக் கேட்டே வாழ்கிறார்கள், கடகடவென்று பேசவும் செய்கிறார்கள். ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யத்தான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த பிரெஞ்சுச் சட்டத்தின்படி 2026 முதல் மொழித் தகுதி உயர்ந்துவிட்டது. ஐரோப்பிய மொழி அளவுகோலில் பல்லாண்டு அனுமதிக்கு ஏ2, பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. பி2 என்றால் ஒரு கருத்தை எடுத்து வாதிட்டு ஒழுங்காக எழுதத் தெரிய வேண்டும். பிம்ஸ்லர் அவர்களுக்கு எந்த உதவியும் செய்யாது. அவர்களுக்குத் தேவை கண்ணுக்கும் கைக்குமான பயிற்சி: தாம் தினமும் சொல்லும் வாக்கியத்தை எழுத்தில் பார்ப்பது, ஆர்.எஃப்.ஐ. செய்தியில் இரண்டு வரியைச் சொல்வதெழுதுதலாக எழுதி எழுத்துவடிவத்தோடு ஒப்பிடுவது, திருத்தித் தர ஓர் ஆசிரியர். தட்டித் தட்டிச் சொல்லை அடுக்கும் அந்தச் செயலிகூட, இரவு வேலை முடிந்து கடைசி மெட்ரோவில் திரும்பும் ஒருவருக்கு எழுத்துக்கூட்டலைப் பழக்கிக்கொடுக்கும். அவர் ஒலியை அணைத்து வைத்திருந்தாலும் பாதகமில்லை.