அப்பாவுக்கு வந்த வயிற்றுப் புற்று பிள்ளைக்கும் வருமா?

"எங்கப்பா வயித்துக் கேன்சர்லதான் போனார். எனக்கும் வருமா டாக்டர்?"

வந்தே தீரும் என்பதில்லை. இரைப்பைப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்குத்தான் அது மரபணு வழியாக வருகிறது. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால்கூட, வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' கிருமி காரணமாக இருக்கலாம். மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், மாத்திரைகளால் போக்கலாம்.

பரம்பரை வகை வேறு. தலைமுறை தலைமுறையாகப் பலரை இளம் வயதிலேயே பறிகொடுத்த ஒரு மாவோரி குடும்பத்தை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். 'சி.டி.எச்.1' என்ற மரபணுவில் கோளாறு இருப்பதை 1998-ல் கண்டுபிடித்தார்கள். செங்கல்லைச் சாந்து பிடித்து வைப்பதுபோல, செல்களை ஒட்டிப் பிடிக்கும் புரதத்தை உண்டாக்குவது இந்த மரபணு. பெற்றோரில் ஒருவருக்குக் கோளாறு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு. பெண்களுக்கு மார்பகப் புற்று அபாயமும் உண்டு.

யார் சோதிக்க வேண்டும்? குடும்பத்தில் இருவருக்கு இரைப்பைப் புற்று வந்து, ஒருவருக்காவது அது 'டிஃப்யூஸ்' வகையாக இருந்தாலோ, 50 வயதுக்குள் ஒருவருக்கு அந்த வகை வந்தாலோ மரபணு ஆலோசகரைப் பாருங்கள். நோய் வந்தவர் இருந்தால், முதல் ரத்தப் பரிசோதனை அவருக்குத்தான்.

இந்தப் புற்று கட்டியாக எழும்பாமல், சவ்வுக்கு அடியில் பரவும். எண்டோஸ்கோப்பிக்கே தப்பிவிடலாம். ஆகவே கோளாறு உறுதியானவர்களுக்கு, பெரும்பாலும் 20 முதல் 30 வயதுக்குள், இரைப்பையையே அகற்றிவிடும்படி சொல்கிறார்கள். தயங்குபவர்கள் ஆண்டுதோறும், அனுபவமுள்ள மருத்துவமனையில், சுமார் 30 இடங்களில் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

"இரைப்பை இல்லாம வாழ முடியுமா?" முடியும். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறேழு வேளை சாப்பிட வேண்டும். இனிப்பைக் குறைக்க வேண்டும். பி12 ஊசி ஆயுளுக்கும் தேவை.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: மரபணுக் கோளாறைச் சரிசெய்யும் சூரணமோ லேகியமோ கிடையாது. குடும்பத்தில் இந்த நோய் இருக்க, உங்களுக்கும் எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் 'குன்மம்தானே' என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிடாதீர்கள். முதலில் எண்டோஸ்கோப்பி.

இன்றே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். "வயித்து வலியில போயிட்டார்" என்று சொல்வார்கள். யார், எந்த வயதில் என்று எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.