தெரிந்த பெயரில் வரும் கோப்பு

கோட்டாற்றுக் கடைகளில் மூட்டையைக் குத்தூசியால் குத்தி, அரிசியை உள்ளங்கையில் பார்க்காமல் நாம் சரக்கை இறக்குவதில்லை. அனுப்பியவர் பழகிய மண்டிக்காரர் என்றாலும் அப்படித்தான். ஆனால் மின்னஞ்சலில் 'விலைப்பட்டியல்' என்று ஒரு கோப்பு வந்தால், தெரிந்த பெயர் என்பதற்காகவே திறந்துவிடுகிறோம்.

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது. பிலிப்பைன்ஸில் புறப்பட்டது அது. காதல் கடிதம் என்று இணைந்து வந்த கோப்பின் பெயர், சாதாரண எழுத்துக் கோப்பைப்போல 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தெரியும். அதற்கும் பின்னால் 'விபிஎஸ்' என்றொரு வால் இருந்தது. விண்டோஸ் அதை மறைத்துவிட்டது. திறந்தவுடன் கம்ப்யூட்டரில் இருந்த படக் கோப்புகளை அழித்து, முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும், திறந்தவர் பெயரிலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. எழுதியவரைத் தண்டிக்க அந்நாட்டில் அன்று சட்டம் இல்லை என்பது வேறு கதை.

இப்போது அதே சரக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. கல்யாணப் பத்திரிகை என்று 'ஏபிகே' கோப்பு வருவதாக 2024-இல் இமாச்சலப் பிரதேச போலீசார் எச்சரித்தார்கள். ஏபிகே என்பது பத்திரிகை அல்ல, போனில் ஏற்றும் செயலி. கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி-யை அது படித்துத் திருடனுக்குச் சேர்த்துவிடும். தை பிறந்தால் நமக்குப் பத்திரிகைக்கா பஞ்சம்!

கோப்பு வைத்திருக்கும் ஜன்னலில் 'வியூ' என்பதைத் தட்டினால் வாலைக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. பில்லோ, விலைப்பட்டியலோ 'இஎக்ஸ்இ', 'விபிஎஸ்', 'ஜேஎஸ்' என்று முடியாது. எக்செல் கோப்பைத் திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால் அழுத்தக்கூடாது. சந்தேகம் வந்தால், கடிதத்தில் கண்ட எண்ணுக்கு அல்ல, நம் கையில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் போட்டு அனுப்பினாரா என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் முதலாளி மட்டும் தெரிந்து பயனில்லை. பில் போடும் பையனுக்குச் சொல்ல வேண்டும். ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ஆனால் நேற்றுப் பிறந்த வைரஸ் அதற்கும் தெரியாமல் போகலாம்.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்களும் உண்டு. அதனால் தினமும் கடை அடைக்குமுன் கணக்கை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. செருகியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். தவறித் திறந்துவிட்டால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள்; பணம் கைமாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழியுண்டு.