முதல் விருந்தும் அடுப்பில்லாத அறைகளும்

தொழிற்சாலைச் சாலை – 12

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு நன்றித் திருநாள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். 1941இல் அந்த வியாழக்கிழமையைச் சட்டமே உறுதிசெய்தது. அன்றைய விருந்தின் நடுநாயகம் முழு வான்கோழி. அதைச் சமைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆறேழு கிலோ எடையுள்ள உறைந்த பறவை குளிர்பதனப் பெட்டிக்குள் இளகவே மூன்று நாளாகும். தொடைக்கறி வேகும்வரை விட்டால் நெஞ்சுக்கறி வறண்டுபோகும். நெஞ்சுக்கறி பதமாக இருக்கும்போதே எடுத்தால் தொடையெலும்பை ஒட்டிய கறி பச்சையாக நிற்கும். உட்கறியின் சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டதா என்று வெப்பமானியைக் குத்திப் பார்த்துத்தான் இறக்குவார்கள். முதல்முறை சமைப்பவர்கள் திணறுகிறார்கள் என்பதற்காகவே பட்டர்பால் என்ற வான்கோழி நிறுவனம் 1981இல் தொலைபேசி உதவி மையம் ஒன்றைத் தொடங்கியது. ஆறு பேர் பதில் சொன்ன அந்த முதல் ஆண்டிலேயே 11,000 அழைப்புகள் வந்தன. சமைத்த கறியைக் கடையிலேயே வாங்கிக்கொள்ள முடிகிற நாட்டில் இத்தனை பேர் ஏன் இப்படிப் பாடுபட வேண்டும்? நேற்றுவரை அம்மாவின் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர், அன்றுதான் முதன்முதலாகத் தன் மேசையில் பிறரை உட்காரவைத்துப் பரிமாறுகிறார். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அன்றிலிருந்து அவர் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர்.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. விருந்து என்ற சொல்லுக்கே புதுமை, புதிதாக வந்தவர் என்பவைதான் பழைய பொருள். சாப்பாட்டைக் குறித்தது பிறகு. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். விருந்தோம்ப ஓர் இல்லம் வேண்டும், இல்லம் என்றால் அதில் ஓர் அடுப்பு எரிய வேண்டும். நம்முடைய நன்றித் திருநாளான பொங்கலும் சாப்பிடும் வேளையைவிடச் சமைக்கும் வேளையையே கொண்டாடுகிறது. புதுப்பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, பாலும் தண்ணீரும் ஊற்றி, அது நுரைத்து விளிம்பைத் தாண்டும் நொடிக்காக வீடே வாசலில் காத்து நிற்கிறது. அதன் பிறகுதான் களைந்த பச்சரிசி பானைக்குள் போகும். அரிசி நன்றாகக் குழைந்த பின்னரே வெல்லம் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு எரித்தாலும் குழையாது. தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும், குறைத்தால் பானை பொங்காது. பத்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலும் இந்தப் பக்குவம் வந்துவிடாது. ஒருமுறை தன் கையால் செய்து தடுமாறினால்தான் வரும். அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் கொடுக்கும் ஊரே ஒருவருக்குச் சொந்த ஊராகிறது என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலை தன்னிடம் வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த இடத்தை இன்னும் கொடுக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், இந்தச் சாலையின் தொழில் வாழ்க்கைக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஒரகடத்தில் காரும் லாரியும் புல்லட்டும், சுங்குவார்சத்திரத்தில் கைபேசியும் குளிர்பதனப் பெட்டியும், ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடியும் என்று இங்கே செய்யப்படாத பொருள் குறைவு. செய்கிற கைகளில் பெரும்பகுதி வெளியூர்க் கைகள். அவர்கள் தங்குவதற்கு அரசு எடுத்த மிகப் பெரிய முயற்சி வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதி. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அதன் செலவு 706.50 கோடி ரூபாய். 13 தொகுதிகள், தொகுதிக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர் என்று மொத்தம் 18,720 படுக்கைகள். இது மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியொன்றில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் கைபேசி ஆலையின் பெண் தொழிலாளர்கள் உணவு நஞ்சாகி நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதன் பிறகு விடுதிகளைப் பற்றிய பேச்சு, சோறு சுத்தமாக இருக்கிறதா, அறையில் எத்தனை பேர், தண்ணீர் வருகிறதா என்று நடந்தது. அந்தக் கேள்விகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் யார் சமைப்பது என்ற கேள்வி அப்போதும் எழவில்லை. விடுதி என்றால் படுக்கை, குளியலறை, சாப்பாட்டுக்கூடம் என்றே வரைபடம் போடுகிறோம். தங்குபவர் தானே ஒரு நாள் உலை வைக்க ஓர் இடம் வேண்டும் என்று வழக்கமாக நினைப்பதில்லை.

உலை வைப்பது ஆடம்பரம் அல்ல என்பதற்குப் பண்டிகைகளே சாட்சி. பிகார்க்காரர்களின் சட் பூஜைக்கு வேண்டிய தேக்குவா, கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி எடுத்துப் பொரிக்கும் பலகாரம். நோன்பிருப்பவரும் வீட்டாரும் குளித்து, அதற்கென்றே ஒதுக்கிய தூய அடுப்பில், மாங்கட்டை எரித்துச் செய்ய வேண்டும் என்பது மரபு. கடையில் வாங்கிவந்து அந்தப் படையலைச் சரிக்கட்ட அவர்களுக்கு மனம் ஒப்பாது. மேற்கு ஒடிசாவின் நுவாக்காய், விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் புது அரிசியைச் சமைத்துத் தெய்வத்துக்குப் படைத்து, பெரியவர்களை வணங்கி உண்ணும் நாள். ஹூண்டாயோடு இங்கே வந்த கொரியர்களுக்குச் சூசொக் அறுவடைத் திருநாள். அரிசிமாவைப் பிடித்துப் பூரணம் வைத்துக் குடும்பமாக உட்கார்ந்து கொழுக்கட்டை செய்வார்கள். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நிறுவனங்களில் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் கட்டாயமாக்கியது. அந்த ஐந்தில் சட்டும் நுவாக்காயும் இடம்பிடிப்பது கடினம் என்பதைப் புரிந்துகொள்ளலாம். விடுமுறைதான் இல்லை, ஷிப்ட் முடிந்து வந்த பிறகாவது பற்றவைக்க ஓர் அடுப்பு இருக்க வேண்டாமா?

தமிழர் உழைப்பின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நம் மக்கள் அடைக்கப்பட்ட லயன் அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதைவிட மோசமான குடியிருப்பைச் சொல்வது கடினம். ஆனாலும் அந்த அறையின் முன்திண்ணையில் ஓர் அடுப்பு இருந்தது. துரைமார் இரக்கப்பட்டு வைத்ததில்லை அது. குடும்பத்தோடு ஆள் பிடித்தார்கள், குடும்பம் சமைத்துத்தான் சாப்பிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அடுப்பைச் சுற்றித்தான் தைப்பொங்கலும் தீபாவளியும் அங்கே உயிர்பிழைத்தன. இன்றும் அரசு மக்களுக்குக் கொடுக்கும் பொருள்களில் அடுப்பு பற்றிய எதிர்பார்ப்பு மறைந்திருக்கிறது. 2025 பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்தது ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு. பச்சரிசியைக் கொடுப்பவர், வாங்குபவர் வீட்டில் அடுப்பு இருக்கிறது என்று நம்பித்தான் கொடுக்கிறார். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய ஐந்து கிலோ சிலிண்டரும் ஊர்விட்டு ஊர் வந்தவரை மனத்தில் வைத்து வந்ததுதான். ஊருக்குள் வாடகை அறை எடுத்து நான்கைந்து பேராகத் தங்கும் ஆண்கள் அந்தச் சிலிண்டரை வைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். விடுதியில் தங்கும் பெண்ணுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

விடுதியிலும் சமைக்க ஓர் இடம் வேண்டும் என்றால், முதலில் சொல்லப்படும் மறுப்பு தீ விபத்து. ஆயிரக்கணக்கானோர் தூங்கும் கட்டடத்தில் அடுப்பை அனுமதிப்பதா என்று கேட்பவர்களின் பயம் உண்மையானது. அறைக்குள் அடுப்பு வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் தடை மட்டும் போட்டால் சமையல் நின்றுவிடாது, ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கடியில் எலெக்ட்ரிக் கெட்டிலும், ஒரே பிளக்கில் இழுத்த இண்டக்‌ஷன் அடுப்பும் எந்த விடுதிக் காப்பாளருக்கும் தெரியாத பொருள்கள் அல்ல. அதில் வெந்து வரும் நூடுல்ஸுக்குத் தீயணைப்பானும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. தரைத்தளத்தில், தூங்கும் தொகுதியிலிருந்து விலகி, சிலிண்டர்களை வெளியே வைத்துக் குழாயில் எரிவாயு கொண்டுவரும் பொதுச் சமையலறை இதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கும் மெஸ் ஏற்கெனவே அதே வளாகத்தில் எரிகிறது. அந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. சமையலறையிலிருந்து விடுதலை பெற்று வந்த பெண்ணை மறுபடியும் அடுப்படிக்குத் தள்ளுவதா? திருவண்ணாமலையிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ வந்து சம்பாதிக்கும் ஓர் இளம்பெண், வாழ்க்கையில் முதன்முறையாகத் தட்டை நீட்டி யாரோ சமைத்ததைச் சாப்பிடுகிறாள். அந்தச் சுகத்தின் அருமை சமைத்தே தேய்ந்த தாய்மாருக்குத் தெரியும். இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தினமும் சமைக்க வேண்டிய கட்டாயம் வேறு, விரும்பிய ஒரு நாளில் சமைக்கும் உரிமை வேறு. முதலாவதை எடுத்துவிட்டோம் என்பதற்காக இரண்டாவதையும் சேர்த்து எடுத்துவிடுவது விடுதலை ஆகாது. மெஸ் தினமும் இருக்கட்டும். பண்டிகைக்கோ தோழியின் பிறந்தநாளுக்கோ ஊரிலிருந்து அம்மா வரும் ஞாயிற்றுக்கிழமைக்கோ அடுப்பைத் திறந்துவிடட்டும். வந்த அம்மாவுக்குத் தன் சம்பளத்தில் தானே சமைத்துப் போட முடியாத மகள், சம்பாதித்தும் என்ன, இன்னும் யாரோ ஒருவர் வீட்டு விருந்தாளிதான்.

மூன்றாவதாக, பண்டிகையன்று மெஸ்ஸிலேயே சர்க்கரைப் பொங்கல் போடுகிறார்களே, பெரும்பாலோர் ஊருக்கே போய்விடுகிறார்களே என்பார்கள். போடுகிற பொங்கலில் குறையில்லை. ஆனால் பரிமாறப்படுவதும் பரிமாறுவதும் ஒன்றல்ல. ஊருக்குப் போக முடிந்தவர்கள் போகட்டும். கவுகாத்திக்கும் தர்பங்காவுக்கும் நான்கு நாள் விடுப்பில் போய்த் திரும்ப முடியாது. எல்லா ஆலையும் பண்டிகைக்கு நிற்பதும் இல்லை. கண்ணாடியை உருக்கும் உலை சுமார் 1,500 டிகிரி சூட்டில் ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரிய வேண்டும். தை முதல் நாளன்றும் அதன் பக்கத்தில் யாராவது நின்றாக வேண்டும். நான்காவது மறுப்பு, சண்டை வரும் என்பது: ஒருவர் கருவாடு வறுப்பார், இன்னொருவர் மூக்கைப் பொத்துவார். வரலாம். சைவத்துக்கு ஒரு வரிசை அடுப்பும் தனிப் பாத்திரங்களும், முறை எழுதிவைக்க ஒரு நோட்டும், கழுவிக் கொடுக்கும் பொறுப்புக்கு அறைவாரியாக ஒரு பட்டியலும் இருந்தால் பெரும்பாலான சண்டை தீரும். மீதிச் சண்டையைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரு கைபேசியைப் பூட்டத் தெரிந்தவர்களால் ஓர் அடுப்பைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று நாமாக முடிவுகட்டுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

இதைச் சொல்வதற்கு இதுவே நேரம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட், தொழிலாளர்களுக்கு விடுதி வகை வாடகைக் குடியிருப்புகள் தனியார் கூட்டோடு கட்டப்படும் என்று அறிவித்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழக அரசின் தோழி விடுதிகள் ஊர் ஊராகப் பெருகுகின்றன. இனி வரையப்படும் ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு சமையல் முற்றத்தைச் சேர்க்கப் பெரிய செலவில்லை: பத்து எரிவாயு அடுப்பு, பெரிய பாத்திரங்கள், கழுவுதொட்டி, வெளியே செங்கல் அடுக்கிப் பானை வைக்கத் திறந்த தரை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் வேண்டும் என்று 1948இலேயே தொழிற்சாலைகள் சட்டம் நினைத்தது. உழைப்பவருக்குப் பசிக்கும் என்பதை அது ஒப்புக்கொண்டது. உழைப்பவருக்கு மற்றவர் பசியாற்றவும் ஆசை இருக்கும் என்பதை அடுத்த சட்டமோ அடுத்த டெண்டரோ ஒப்புக்கொள்ளட்டும். சுங்குவார்சத்திரத்தில் பூட்டிய கைபேசிகள் கடல் கடந்து அமெரிக்க வீடுகளுக்குப் போகின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில், நவம்பர் வியாழக்கிழமையன்று, முதல்முறை வான்கோழி சமைக்கும் ஒரு பெண் தன் அம்மாவை அழைத்து இன்னும் எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கேட்பாள். கைபேசியைப் பூட்டிய பெண்ணுக்கும் தை முதல் நாளில் அம்மாவை அழைத்து, வெல்லத்தை எப்போது போடுவது என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்பதற்கு அவள் முன்னால் ஒரு பானை கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

(தொடரும்)