எழுத்தைப் பெரிசாக்கும் பழைய வழி

விண்டோஸ் 98 காலத்தில் மீஞ்சூர் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களில் மேசையில் பாதியை மானிட்டரே பிடித்துக்கொள்ளும். பிக்சர் டியூப் வைத்த பெட்டி. 640×480, 800×600, 1024×768 என்று எந்த ரெசல்யூஷனை வைத்தாலும் ஓரளவு தெளிவாகவே காட்டும். இத்தனை புள்ளிதான் என்ற கண்டிப்பு அந்தக் குழாய்க்குக் கிடையாது. கண் மங்கிய பெரியவர் வந்து உட்கார்ந்தால் 800×600-க்கு இறக்குவார்கள். எழுத்து பெரிசாகிவிடும்.

தகராறெல்லாம் வேறு இடத்தில். ஃபார்மட் செய்து விண்டோஸ் 98 போட்டதும் 640×480-இல், பதினாறே வண்ணத்தில், ஐகான்கள் பூதம் பூதமாக நிற்கும். டிரைவர் சிடியைத் தேட வேண்டியதுதான். அது கிடைத்தாலும் 1024×768-இல் 16 பிட் வண்ணத்துக்கு ஒன்றரை எம்பி நினைவகம் வேண்டும். ஒரு எம்பி கார்டு 256 வண்ணத்தோடு நின்றுவிடும். ரெஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸில் இருந்தால் திரை மினுக்கி மாலைக்குள் தலைவலி வரும். 75, 85 என்று ஏற்றினால் அடங்கும். மானிட்டர் தாங்காத அளவுக்கு ஏற்றினால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'. எதையும் தொடாமல் 15 விநாடி இருந்தால் விண்டோஸே பழையபடி திரும்பும். திரும்பாவிட்டால் சேஃப் மோடு. திரை மஞ்சளடித்தால் விஜிஏ கேபிளில் நீல நிறத்துக்கான பின் சரியாகத் தொடவில்லை என்று பொருள். அதை வைரஸ் என்று சொல்லிக் காசு பார்த்த புண்ணியவான்களும் உண்டு.

இன்று மானிட்டரே தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுவதால் இந்தப் புகார்களில் பல ஒழிந்தன. ரெசல்யூஷனை இறக்கும் பழைய கைப்பழக்கம்தான் ஒழியவில்லை. தட்டைத் திரையில் 1920×1080 என்றால் இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், பதித்தது பதித்தபடி இருக்கும். எழுத்து பெரிசாக வேண்டும் என்று அதை 1366×768-க்கு இறக்கினால் கணக்கு முழுசாக வகுபடாது. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிமேல் வழியும். ஆங்கிலம் எப்படியோ தப்பிக்கும், தமிழ்தான் அடிபடும். சின்ன எழுத்தில் 'க்' எது, 'க' எது என்று குனிந்து பார்க்க வேண்டும். சான்றிதழ் விண்ணப்பத்தில் பெயர் தட்டும் இ-சேவை மேசையில் இது சின்ன விஷயமில்லை.

இறக்குவதற்குப் பதில், விண்டோஸின் ரெசல்யூஷன் பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருப்பதையே வைத்துக்கொண்டு, அதற்கு மேலேயே இருக்கும் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கினால் போதும். விண்டோஸ் எக்ஸ்பியிலும் இப்படி ஒரு வசதி இருந்தது. ஆனால் கூட்டினால் சில மென்பொருள்களில் ஓகே பட்டனே ஜன்னலுக்கு வெளியே போய்விடும். அதனால் அன்றைக்கு அதைத் தொடாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பட்டியலில் 1920×1080-ஏ காணோம் என்றால் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை. டிரைவர் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், பழைய சிபியுவுக்கும் புது மானிட்டருக்கும் நடுவே மாட்டிய மலிவு கன்வர்ட்டர் மானிட்டரின் அளவை உள்ளே சொல்லாமல் விழுங்கியிருக்கலாம். அதைக் கழற்றி நேர் கேபிள் போட்டுப் பாருங்கள்.