பாட்டு கிளாஸை நிறுத்தும் முன் எக்ஸெல்லைத் திறங்கள்!

பிள்ளை பிளஸ் டூ வந்ததும் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகள் தஞ்சாவூர் பக்கம் நிறைய. வாங்கிய கையோடு வாலிபால், பரதம், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போடுவதும் இதே வீடுகளில்தான்.

கண்டியூரில் இருக்கும் என் சித்தி வீட்டிலும் இதே கதை. புதுக் கம்ப்யூட்டருக்கு பிரிண்டர் இணைத்துத் தரப் போயிருந்தேன். "தம்பி, இவ பாட்டு கிளாஸை இந்த மாசத்தோட நிறுத்திடப் போறேன். கட்-ஆப் போயிடும்ல?" என்றார். தங்கை ஏழு வருடமாகத் திருவையாறு போய்ப் பாட்டு கற்கிறாள். அவள் வாயைத் திறக்கவில்லை. பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் சித்தி" என்று எக்ஸெல்லைத் திறந்தேன். (எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போட்டுக்கொள்ளலாம்.)

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆப் 200 மதிப்பெண்ணுக்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. நுழைவுத் தேர்வு 2007ல் ரத்தானதிலிருந்து பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். பி2 செல்லில் கணித மார்க், பி3ல் இயற்பியல், பி4ல் வேதியியல் டைப் செய்யுங்கள். பி5ல் சமக்குறி போட்டு பி2+(பி3+பி4)/2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். ('பி' ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும்.) கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 88 என்றால் 179 வரும். கணித மார்க்கை மட்டும் 95 ஆக்கிப் பாருங்கள், 182 ஆகிவிடும். அதே மூன்று மார்க் வேதியியலில் ஏறினால் ஒன்றரைதான் கூடும். எந்தப் பாடத்தில் உட்கார வேண்டும் என்று தங்கைக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

இந்தக் கணக்கில் பாட்டுக்கு இடமே இல்லையே என்பீர்கள். உண்மைதான், அதனால்தான் அடுத்த ஷீட் தேவைப்பட்டது.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56, பள்ளிக்கூடம் 48, பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்துப் போய்வர 12, குளியல் சாப்பாடு 14, டியூஷன் 12, பாட்டு 4. இவற்றைப் பி2 முதல் பி7 வரை வரிசையாகப் போட்டு, பி8ல் சமக்குறியுடன் 168-சம்(பி2:பி7) என்று கொடுத்தோம். ('சம்' என்பதையும் ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.) மீதி 22 மணி நேரம் என்று காட்டியது. "இவ்வளவு நேரம் இருக்கா?" என்று சித்திக்கே ஆச்சரியம். செல்போன் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியைத் திறந்து பார்த்தோம். அந்த வாரம் மட்டும் 11 மணி நேரம் போன் தின்றிருந்தது. சித்தியின் போனை நான் பார்க்கவில்லை, அது மரியாதை இல்லை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2014ல் என் வீட்டிலும் வாலிபாலை நிறுத்தினார்கள். மிச்சமான மாலை நேரமெல்லாம் படிப்புக்குப் போகவில்லை, டிவி முன்னால் போயிற்று. மைதானத்தில் ஓடிவிட்டு வந்தால் எட்டரைக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் சித்தி பாதி இறங்கி வந்தார். வாரம் நான்கு மணி இரண்டாகும், போட்டிகள் கிடையாது. தை மாதம் அறுவடையும் செய்முறைத் தேர்வும் ஒன்றாக வருவதால் ஜனவரியிலிருந்து தேர்வு முடியும் வரை கிளாஸ் இல்லை. தங்கைக்கு முழுத் திருப்தி இல்லைதான். ஆனால் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

பிள்ளை இன்னும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடும் தனி ரேங்க் பட்டியலும் உண்டு. ஐஐடி மெட்ராஸ் 2024-25ல் விளையாட்டுக்கும், 2025-26ல் இசை, நடனம் போன்ற கலைகளுக்கும் தனிச் சேர்க்கை தொடங்கியது. ஒவ்வொரு பட்டப்படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. ஆசைப்பட்டால் மட்டும் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற வேண்டும், தேசிய அளவிலான சாதனையும் வேண்டும். எல்லோருக்குமான கதவு இல்லை, ஆனாலும் கதவு இருக்கிறது.

அந்தக் கதவுகளில் கேட்பது சான்றிதழ். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழை வீட்டு மரப்பெட்டியில் வைத்திருந்தேன். அந்த வருட ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, பெட்டிக்குக் கரையான் வந்துவிட்டது. எந்தத் தேதி, என்ன எண் என்பதுகூட நினைவில்லாமல் நகல் வாங்க அலைந்து முடிப்பதற்குள் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் தேதி போய்விட்டது. இடம் கிடைத்திருக்குமோ என்னவோ, நான் வரிசையிலேயே நிற்கவில்லை.

ஆகவே புதுப் பிரிண்டரில் ஸ்கேனர் இருந்தால் முதல் வேலையாக எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ, கலர், பிடிஎப் போதும். பைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடத்தை முதலில் போடுங்கள்: 2025-09-வாலிபால்-மாவட்டம் என்பதுபோல. போல்டரைத் திறந்தால் தானாகவே வருட வரிசையில் நிற்கும். சரிபார்ப்பில் அசலைத்தான் கேட்பார்கள். ஆனால் அசல் தொலைந்தால் நகல் கேட்டு எழுத எண்ணும் தேதியும் உங்கள் கையில் இருக்கும்.

ஒரு காப்பி கூகுள் டிரைவில், ஒரு காப்பி பென் டிரைவில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் எத்தனை வீடுகள் கூரை இழந்தன என்பதை நாம் பார்த்தோம். அதனால் பென் டிரைவை உங்கள் வீட்டு பீரோவில் வைக்காதீர்கள். சித்தி வீட்டுப் பென் டிரைவ் இப்போது என் அம்மாவிடம் இருக்கிறது. எங்கள் வீட்டினுடையது கண்டியூரில்.