வன்தட்டு மக்கர் செய்கிறதா? முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

திருமணப் படங்கள், பிள்ளையின் முதல் பிறந்தநாள் காணொளி, பாட்டியின் குரல் பதிவு என ஒரு குடும்பத்தின் பல ஆண்டு நினைவுகள் இன்று கையகல வன்தட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த ஹார்ட் டிஸ்க் பழுதானால் நம்மில் பலர் அதைச் சரிசெய்யத்தான் முதலில் முயல்கிறோம். ஆபத்தே அங்குதான் தொடங்குகிறது. புது வன்தட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் குரலை வாங்க முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது?

வன்தட்டுக்குள் பளபளப்பான தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் முனை, அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர்! முனை தட்டை உரசினால், அந்த இடத்திலிருந்த தகவல் போனது போனதுதான். தொடர்ந்து ஓடவிட்டால் சேதம் பரவும்.

சத்தம் இல்லை, வேகம் மட்டும் குறைகிறதா?

கோப்புகள் திறக்க நேரமாகிறது, கணினி அடிக்கடி உறைந்து நிற்கிறது என்றால் அது முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும்.

வேறெங்கும் கிடைக்காதவற்றை உடனே வேறொரு வன்தட்டுக்கு நகலெடுங்கள். சினிமாப் படங்களும் மென்பொருள்களும் காத்திருக்கலாம்.

நகலெடுப்பது பாதியில் நின்றுபோனால், 'டிடிரெஸ்க்யூ' போன்ற மென்பொருள் உதவும். அது நன்றாக உள்ள பகுதிகளை முதலில் படித்துவிட்டு, பழுதான பகுதிகளைக் கடைசியில் முயல்கிறது. இதில் எது பழைய வன்தட்டு, எது புதியது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். எனவே பழக்கமுள்ளவரின் துணையை நாடுங்கள்.

விண்டோஸின் 'செக்டிஸ்க்' பழுதுநீக்கத்தை இப்போது ஓட்ட வேண்டாம். அது பழுதான தட்டிலேயே மாற்றங்களை எழுதும். மீட்ட கோப்புகளையும் அதே தட்டில் சேமிக்கக்கூடாது.

'டிக்... டிக்...' சத்தம் கேட்கிறதா?

உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இதற்கு மென்பொருள் மருந்தாகாது. தட்டிப் பார்ப்பதும், மூடியைத் திறப்பதும் நிலைமையை மோசமாக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில், வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும்.

தூசியற்ற அறை வசதி கொண்ட மீட்பு நிறுவனத்திடம் கொடுப்பதே வழி. செலவு அதிகமாகலாம். சோதனைக்குக் கட்டணம் உண்டா, கோப்புகள் கிடைக்காவிட்டால் பணம் கட்ட வேண்டுமா, மீட்கக்கூடியவற்றின் பட்டியலை முதலில் காட்டுவார்களா என்று கேட்டுவிட்டு ஒப்படையுங்கள்.

புதிய மடிக்கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி சுழல்வதில்லை. அதனால் சத்தமும் வராது. எந்த அறிகுறியும் காட்டாமல் நின்றுபோகலாம்.

3-2-1 விதி

முக்கியமானவற்றுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்றால் போதும்.

ஏற்கெனவே பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா? இந்த வார இறுதியில் அதிலிருந்து நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, இல்லாத பிரதிக்குச் சமம்.